செத்த பன்றிக்குக் காசில்லை. சேதி மட்டும் வேண்டுமாம்!

பன்றிக்கு வந்த காய்ச்சலைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஆலைச் சங்கு ஊதினால் ஓடுகிறவனுக்கும், நாற்று முடியைத் தூக்குகிறவளுக்கும் பன்றியால் என்ன ஆகப் போகிறது? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது பன்றியின் கதை மட்டுமல்ல.

மிசோராமில் லுங்லெய் என்று ஒரு ஜில்லா. வங்கதேச எல்லையை ஒட்டியது. அங்கே லுங்சென் என்ற கிராமத்தில் 2021 மார்ச் மாதம் பன்றிகள் திடீர் திடீரென்று விழ ஆரம்பித்தன. கடும் காய்ச்சல். காதும் அடிவயிறும் சிவந்து போயின. தீனியைத் தொடவில்லை. ஒரு வாரம், பத்து நாளில் கொட்டில் காலி. அந்த ஆண்டு முடிவதற்குள் மிசோராமில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் நோயில் மடிந்தன. நோய் பரவாமல் இருக்க அதிகாரிகள் கணக்கெழுதிக் கொன்று புதைத்தவை சுமார் பத்தாயிரம்.

இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நம்முடைய வாதம் முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது.

மலைநாட்டுக் குடியானவன் வீட்டில் பன்றி என்றால் அது வெறும் கறியல்ல. நம் பக்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளியின் வீட்டில் கறவை மாடு எப்படியோ, ஆடு எப்படியோ, அப்படி. பிள்ளையின் பள்ளிச் செலவு, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தக் கொட்டிலிலிருந்துதான். வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் இருந்த பன்றிகள் சுமார் 90 லட்சம். அதில் அசாமில் மட்டும் 21 லட்சம். வடகிழக்கு ராஜ்யங்களைச் சேர்த்துப் பார்த்தால் நாட்டின் பன்றிகளில் பாதிக்கு அருகில் வருகிறது. ஏழையின் சேமிப்பு முழுவதும் நான்கு காலில் நிற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்தச் சேமிப்பின் மீதுதான் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் விழுந்தது.

இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வீண் பீதியைக் கிளப்புவது நம் வேலை அல்ல. ஆனால் பன்றிக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம். மருந்து கிடையாது. பன்றியின் ரத்தத்தில், கறியில், எச்சிலில், மலத்தில், அதை மிதித்த செருப்பில், ஏற்றிச் சென்ற லாரியில் எல்லாம் கிருமி இருக்கும். உறைய வைத்த கறியில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும்.

சர்க்கார் போட்ட விலைப் பட்டியல்

2020 தொடக்கத்திலேயே அருணாசலப் பிரதேசத்திலும் அசாமிலும் பன்றிகள் சாக ஆரம்பித்து விட்டன. பிரம்மபுத்திரா நதியில் செத்த பன்றிகள் மிதந்து வந்தன. போபாலில் உள்ள உயர் பாதுகாப்புக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் சோதித்துப் பார்த்து, இன்ன நோய்தான் என்று வெளியே வந்தது மே மாதத் தொடக்கத்தில். நடுவே ஓடிப்போன வாரங்களை யார் கணக்கில் எழுதுவது? கொரோனா ஊரடங்கு வேறு குறுக்கே விழுந்தது, உண்மைதான். ஆனால் ஊரடங்குக்கு முன்பே செத்த பன்றிகளுக்கு அந்தச் சாக்குப் பொருந்தாது.

பிறகு மத்திய சர்க்கார் ஒரு தேசியச் செயல்திட்டம் போட்டது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வட்டத்தில் உள்ள எல்லாப் பன்றிகளையும் கொல்ல வேண்டும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு வட்டம். அங்கிருந்து பன்றியும் போகக் கூடாது, கறியும் போகக் கூடாது. நோயைத் தடுக்க இது தேவையான காரியந்தான். நாம் இதை எதிர்க்கவில்லை. விஞ்ஞானிகள் சொல்வதைக் கேலி செய்கிற கூட்டத்தில் நாம் இல்லை.

நஷ்டஈட்டுக்கும் ஒரு விகிதம் வைத்தார்கள். 15 கிலோ வரை உள்ள குட்டிக்கு 2,200 ரூபாய். 15 முதல் 40 கிலோவுக்கு 5,800. 40 முதல் 70 கிலோவுக்கு 8,400. 70 முதல் 100 கிலோவுக்கு 12,000. அதற்கு மேல் 15,000. மத்திய சர்க்கார் பாதி, ராஜ்ய சர்க்கார் பாதி.

நல்ல காரியந்தானே என்று தோன்றும். இங்கேதான் முடிச்சு இருக்கிறது. இந்தப் பணம் யாருக்கு? அதிகாரிகள் வந்து கணக்கெழுதிக் கொன்ற பன்றிக்கு மட்டும். நோயில் தானாகச் செத்த பன்றிக்கு ஒரு காசு கிடையாது!

இப்போது லுங்சென் கிராமத்துக்குத் திரும்பிப் போவோம். முதன் முதலில் யாருடைய பன்றிக்கு நோய் வந்ததோ, அவர் நேர்மையாகச் செய்தி சொல்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மிருக வைத்தியர் மலை ஏறி வர வேண்டும். ரத்தம் எடுக்க வேண்டும். மாதிரி சோதனைச் சாலைக்குப் போக வேண்டும். முடிவு வர வேண்டும். உத்தரவு வர வேண்டும். அதற்குள் அந்த மனிதரின் பன்றிகள் அத்தனையும் செத்து அழுகிவிடும். கொல்வதற்கு அவர் கொட்டிலில் மிச்சம் எதுவும் இராது. ஆகவே நஷ்டஈடும் இராது. சேதி சொன்னவருக்குப் பூஜ்யம். அவர் சேதி சொன்னதால் பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல பன்றிகளும் கொல்லப்படும். அவருக்குப் பணம் என்று வருமோ தெரியாது. மனக்கசப்பு மட்டும் அன்றைக்கே வரும். ஆக, யார் முந்திக் கொண்டு உண்மை பேசுகிறாரோ அவருக்குத்தான் தண்டனை அதிகம். இதற்குப் பெயர் நோய்க் கண்காணிப்பாம்!

30 ஆயிரத்துக்கு மேல் செத்தவை, பத்தாயிரம் கொல்லப்பட்டவை. நான்கில் மூன்று பங்கு இழப்பு இந்த விகிதப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. கண்காணிப்பு வட்டத்துக்குள் மாட்டிக் கொண்டு, விற்கவும் வழியின்றி, மாதக் கணக்கில் தீனி மட்டும் போட்டுக் கொண்டிருந்தவரின் நஷ்டமும் அதில் இல்லை. வட்டத்துக்குள் பன்றிக்கறிக் கடையில் கூலிக்கு வெட்டிக் கொடுத்துப் பிழைத்தவனின் கூலியும் அதில் இல்லை.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மெஷினில் கோளாறு என்று மேஸ்திரியிடம் முதலில் சொல்கிறவனுக்கு அன்றையச் சம்பளம் பிடித்தம், அவன் வரிசையில் நிற்கிற பத்துப் பேருக்கும் வேலை நிறுத்தி வைப்பு என்று ஓர் ஆலையில் சட்டம் போட்டால் என்ன ஆகும்? யார் வாயைத் திறப்பான்? மெஷின் உடைந்து ஆள் விழுந்த பிறகுதான் நிர்வாகத்துக்கே தெரிய வரும். அப்புறம் "தொழிலாளிக்குப் பொறுப்பில்லை" என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

அதே நோட்டீஸ்தான் இங்கேயும் ஒட்டப்படுகிறது. "சிறு வளர்ப்போர் நோயை மறைக்கிறார்கள். காய்ச்சல் கண்ட பன்றியை அவசரமாக விற்றுவிடுகிறார்கள். செத்ததை ஆற்றில் எறிகிறார்கள். ஓட்டல் எச்சிலைக் கொதிக்க வைக்காமல் போடுகிறார்கள்." இப்படிப் பேசுகிறவர்களின் பேச்சில் உண்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. விற்கிறார்கள்தான். எறிகிறார்கள்தான். அதனால் நோய் அடுத்த ஊருக்குப் போகிறது என்பதும் உண்மைதான். நம் கேள்வி வேறு. விற்றால் பாதி விலையாவது கைக்கு வரும், சொன்னால் ஒன்றும் வராது என்று சட்டம் எழுதியது யார்? பசித்த வீட்டில் உத்தமத்தை எதிர்பார்த்து, அந்த உத்தமத்துக்கு அபராதமும் விதிக்கிற மூளை யாருடையது?

நோய் எதில் ஏறி வந்தது?

ஏழையின் கொட்டில் அசுத்தமே காரணம் என்று பேசுகிறவர்கள் இந்த நோயின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும். கென்யாவில் வெள்ளைக் குடியேற்றக்காரர்கள் தங்கள் சீமைப் பன்றிகளைக் கொண்டு வந்து வளர்த்தார்கள். அங்கே காலங்காலமாகக் காட்டு வார்ட் பன்றியிடமும் அதன் வளையில் வாழும் உண்ணியிடமும் இந்தக் கிருமி அமைதியாகக் குடியிருந்தது. வார்ட் பன்றிக்கு அது ஒன்றும் செய்யவில்லை. சீமைப் பன்றிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மான்ட்கொமரி என்ற கால்நடை நிபுணர் 1921இல் இதை எழுதி வைத்தார்.

அங்கிருந்து ஐரோப்பாவுக்கு எப்படி வந்தது? 1957இல் லிஸ்பன் விமான நிலையத்தின் அருகே, விமானத்தில் மிச்சமான உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்டதால் வந்தது. 2007இல் கருங்கடல் ஓரத்து ஜார்ஜியாவுக்கு எப்படி வந்தது? போத்தி துறைமுகத்தில் கப்பல் கழிவு வழியாக வந்தது என்றே நிபுணர்கள் கருதுகிறார்கள். அங்கிருந்து ருஷ்யா, 2014இல் லிதுவேனியா, போலந்து, லாட்வியா, எஸ்தோனியா, 2018 ஆகஸ்டில் சீனா, 2019இல் வியட்நாம், 2020இல் நம் வடகிழக்கு. விமானம், கப்பல், லாரி, கறி வியாபாரம் இவைதான் அதன் வாகனங்கள். அசாமியக் குடியானவளின் மூங்கில் கொட்டில் கப்பல் ஏறிப் போகவில்லை.

"எல்லாவற்றுக்கும் பரிகாரம் பெரிய பண்ணைதான், சிறியவர்கள் ஒதுங்கிக் கொள்ளட்டும்" என்று இன்னொரு குரல் கேட்கிறது. பெரிய பண்ணையில் வேலி உண்டு, கிருமிநாசினிக் குட்டை உண்டு, குளித்துவிட்டு உள்ளே போகிற ஏற்பாடு உண்டு; மறுக்கவில்லை. ஆனால் ருமேனியாவில் 2018இல் ஒரே பெரும் பண்ணையில் நோய் புகுந்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளைக் கொல்ல நேர்ந்தது. வேலிக்குள் புகுந்துவிட்டால் பெரிய பண்ணை பெரிய சுடுகாடு. சீனாவில் ஓராண்டுக்குள் மொத்தப் பன்றிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்து போயின. பெரியவர்கள் கடன் வாங்கி மீண்டும் எழுந்தார்கள், மாடி மாடியாகப் பன்றிப் பண்ணை கட்டினார்கள். சிறியவர்களில் பல லட்சம் பேர் தொழிலை விட்டே போனார்கள். அங்கே நடந்தது என்பதற்காக அதை மறைத்துப் பேச நமக்கு அவசியம் இல்லை.

ஹைத்தியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1978இல் அந்தத் தீவில் இந்த நோய் புகுந்தது. தன் நாட்டுப் பன்றிப் பண்ணைகளுக்கு ஆபத்து வந்துவிடுமே என்று பயந்த அமெரிக்கா, கனடாவையும் மெக்சிகோவையும் சேர்த்துக் கொண்டு பணம் போட்டது. 1983க்குள் அந்நாட்டுக் குடியானவர்களின் கறுப்பு நாட்டுப் பன்றிகள் ஒன்று மிச்சமில்லாமல் ஒழிக்கப்பட்டன. கிடைத்ததைத் தின்று வளரும் சிறு பன்றி அது; குடியானவனின் பாங்கி அதுதான். அதற்குப் பதிலாக அமெரிக்காவின் அயோவாப் பன்றிகளைக் கொண்டு வந்தார்கள். அவற்றுக்கு விலைகொடுத்து வாங்கிய தீனி வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும், கூரை போட்ட சிமெண்டுத் தரை வேண்டும். குடியானவனுக்கே இல்லாத வீடு பன்றிக்கு! "நாலுகால் இளவரசர்கள்" என்று ஹைத்தி மக்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தார்கள். நோய் ஒழிந்தது, உண்மை. கூடவே ஒழிந்தது என்ன என்று சேர்த்து எழுத வேண்டாமா?

காட்டுப்பன்றியின் மேல் பழி

நம் வாசகர்களுக்கு வெகு அருகில் உள்ள விஷயத்துக்கு வருவோம். 2023 ஜனவரியில் நீலகிரி ஜில்லா முதுமலைப் புலிகள் காப்பகத்தில் காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன. சோதித்ததில் இதே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று தெரிந்தது. அதற்கு முந்தின ஆண்டு, 2022 ஜூலையில், பக்கத்து வயநாட்டில் மானந்தவாடிப் பண்ணையில் இந்நோய் கண்டு நூற்றுக்கணக்கான பன்றிகளைக் கொன்றிருந்தார்கள். முதுமலையும் பந்திப்பூரும் வயநாடும் வரைபடத்தில்தான் மூன்று ராஜ்யங்கள். பன்றிக்கு அது ஒரே காடு.

காட்டுப்பன்றி என்றதும் நம் விவசாயத் தோழர்களுக்குக் கோபம் வருவது நமக்குத் தெரியும். மரவள்ளி, நிலக்கடலை, சோளம், வாழை எதையும் அது விட்டு வைப்பதில்லை. ஓர் இரவில் மூன்று மாத உழைப்பை உழுது போட்டுவிடும். அந்த நஷ்டத்துக்கும் நியாயம் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் "நோய் வந்தது நல்லதுதான், எல்லாம் சாகட்டும்" என்று சிலர் பேசக் கேட்கிறோம். செத்த காட்டுப்பன்றியின் உடலில் கிருமி வெகு நாள் கிடக்கும். அதைக் கிளறுகிற இன்னொரு பன்றிக்கு வரும். அங்கிருந்து காட்டோரத்துக் கொட்டிலுக்கு வரும். கொட்டில் யாருடையது? காட்டில் நோய் வந்தால் முதலில் கெடுவது காட்டோரத்து ஏழைதான். அசாமில் ஒரு சாண் உயரமே உள்ள குள்ளப்பன்றி என்று ஓர் அரிய இனம் அழியும் தறுவாயில் இருக்கிறது; அதுவும் இதே ஆபத்தில்.

துப்பாக்கியை எடுத்து விரட்டினால் தீருமா? அதுவும் தீராது. சுடச் சுடக் கூட்டம் கலைந்து நான்கு திசையும் ஓடும். நோயும் கூடவே ஓடும். பெல்ஜியத்தில் 2018 செப்டம்பரில் காட்டுப்பன்றியிடம் இந்நோய் கண்டபோது, நோய்ப் பகுதியில் முதலில் வேட்டையை நிறுத்தினார்கள். வேலி போட்டார்கள். ஆட்களை அணி அணியாகக் காட்டுக்குள் அனுப்பிச் செத்த பன்றிகளைத் தேடித் தேடி எடுத்து அழித்தார்கள். பிறகுதான் மிச்சமுள்ளவற்றை முறைப்படி குறைத்தார்கள். அங்கே ஒரு வளர்ப்புப் பன்றிக்குக்கூட நோய் வரவில்லை. 2020 முடிவில் நோயற்ற நாடு என்ற பெயரைத் திரும்பப் பெற்றது. செக் நாட்டில் 2017இல் ஸ்லின் ஜில்லாவில் வந்தபோது, செத்த பன்றியைக் கண்டு சொல்கிறவர்களுக்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. கவனியுங்கள், சேதிக்குப் பணம்! 2019இல் அவர்களும் நோயை ஒழித்தார்கள். 2022 டிசம்பரில் போலந்து எல்லையோரம் மீண்டும் வந்தது. ஆகவே ஒரு தடவை ஜெயித்துவிட்டு ஓய்ந்து உட்காருகிற சண்டையல்ல இது.

விஞ்ஞானிகள் கண்ட விஷயம் எளிமையானது. உயிரோடு திரியும் நூறு பன்றியைச் சுட்டுச் சோதிப்பதைவிட, செத்துக் கிடக்கும் சில பன்றிகளைக் கண்டுபிடித்துச் சோதிப்பதில்தான் நோய் சீக்கிரம் தெரியும். அப்படியானால் செத்த பன்றியை முதலில் பார்க்கப் போகிறவர் யார்? டில்லியில் உட்கார்ந்திருக்கும் மந்திரியா? காட்டுக்குள் நடந்து திரியும் வேட்டைத் தடுப்புக் காவலர், மாடு மேய்க்கும் பழங்குடிச் சிறுவன், சுள்ளி பொறுக்கும் கிழவி, தோட்டத் தொழிலாளி. இவர்களுடைய கண்தான் நாட்டின் கண்காணிப்புக் கருவி. காவலர்களில் பலருக்கு வேலை நிரந்தரம் இல்லை. பழங்குடிச் சிறுவன் செத்த பன்றியைப் பார்த்தேன் என்று சொன்னால், "நீதான் கொன்றாயா?" என்று முதல் கேள்வி விழும். வேட்டை வழக்குக்கு பயந்து அவன் கண்ணை மூடிக் கொண்டு போகிறான். கண்ணை மூட வைத்தவர்களே கண்காணிப்புக் குறைவு என்று புலம்புகிறார்கள்!

காசிரங்காவில் 2020இல் அகரதோலிப் பக்கம் காட்டுப்பன்றியும் ஊர்ப்பன்றியும் கலக்காமல் இருக்கப் பள்ளம் வெட்டினார்கள். வெட்டட்டும். பள்ளம் பன்றியைத் தடுக்கும். கறி மூட்டையைத் தடுக்காது.

மலேயாவின் பாடம்

மனிதருக்குத் தொற்றாத நோய்க்கு ஏன் இவ்வளவு என்று இன்னமும் சிலர் நினைக்கலாம். அடுத்த நோய் தொற்றும் நோயாக இருந்தால்? கற்பனையல்ல, நடந்தது. 1998 செப்டம்பரில் மலேசியாவில் ஈப்போவைச் சுற்றிப் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆட்கள் செத்துக் கொண்டே இருந்தார்கள். கொசு என்றால் குழந்தைகளைத்தானே அதிகம் தாக்க வேண்டும்? பன்றியைத் தொட்டு வேலை செய்யும் பெரியவர்களுக்கு மட்டும் ஏன் வருகிறது? பண்ணையில் பன்றிகளும் இருமி இருமிச் சாகின்றனவே? இந்தக் கேள்விகள் பண்ணை ஆட்களின் கண்ணெதிரே நின்றன. மேலே போய்ச் சேரவில்லை. நோயை உணராமல் பன்றிகளை நெகிரி செம்பிலானுக்கு ஏற்றி விற்றார்கள். சுங்கை நிப்பா கிராமத்தில் அது வெடித்தது. 1999 மார்ச்சில் சுவா கா பிங் என்ற டாக்டர் நுண்ணோக்கியில் புதிய கிருமியைக் கண்டார். நிப்பா என்று பெயர் வைத்தார்கள். 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. செத்தவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணையில் உழைத்தவர்கள். சீனரும் இந்தியரும் அவர்களில் இருந்தார்கள். சிங்கப்பூர் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்த 11 பேருக்கு வந்து ஒருவர் மாண்டார். பத்து லட்சம் பன்றிகளைக் கொன்ற பிறகே நோய் நின்றது. பன்றிக்கு வந்த இருமலை யாராவது அன்றைக்கே கேட்டு எழுதியிருந்தால் எத்தனை தாலி மிஞ்சியிருக்கும்!

நம் நாட்டுச் சோதனைச் சாலை நிலவரத்துக்கு ஓர் உதாரணம் போதும். பழைய பன்றிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. ஆப்பிரிக்கக் காய்ச்சலிலிருந்து வேறான கிருமி. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சோதனைச் சாலை இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதற்குத் தடுப்பூசி உண்டு. 1964 முதல் நாம் அதை எப்படிச் செய்தோம்? முயலைக் கொன்று. ஒரு முயலுக்கு 50 ஊசி. நாட்டுக்கு ஆண்டொன்றுக்கு 2 கோடியே 20 லட்சம் ஊசி தேவை என்று மத்திய சர்க்காரே சொன்னது. தயாரானது 12 லட்சம்! அரை நூற்றாண்டுக்கு மேல் இப்படி ஓட்டிவிட்டு, 2020இல்தான் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் முயலைக் கொல்லாமல் செய்யும் ஊசியைக் கொடுத்தார்கள். ஓர் ஊசி சுமார் 2 ரூபாய்க்கு ஆகும் என்றார்கள். விஞ்ஞானிகளைப் பாராட்டுகிறோம். இதற்கு ஏன் 56 வருஷம் ஆயிற்று? பன்றி வளர்ப்பவன் யார் என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும். நம் ஊர்களிலும் பன்றி வளர்ப்பவன் என்றால் மூக்கைப் பொத்திக் கொள்கிற நாகரிகம் இருக்கிறதே, அதே நாகரிகம்தான் பட்ஜெட்டிலும் உட்கார்ந்திருக்கிறது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஸ்பெயின் தேசத்தைப் பார்க்கட்டும். 1960 முதல் அந்நோயோடு போராடித் தோற்றுக் கொண்டிருந்த நாடு அது. 1985இல் முறையை மாற்றினார்கள். நடமாடும் மிருக வைத்தியக் குழுக்கள் கிராமம் கிராமமாகப் போயின. கொட்டில் கொட்டிலாக ரத்தம் சோதித்தார்கள். கொன்ற பன்றிக்குச் சரியான நஷ்டஈடு கொடுத்தார்கள். கொட்டிலைச் சீர்படுத்தக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். வளர்ப்போரைச் சங்கமாகச் சேர்த்து அவர்களையே காவலாக வைத்தார்கள். பத்தாண்டில், 1995இல், நோயற்ற நாடாயிற்று. முப்பது வருஷம் கழித்து 2025 நவம்பரில் பார்சலோனா அருகே காட்டுப்பன்றியிடம் மீண்டும் கண்டார்கள். செத்துக் கிடந்த பன்றிகளை எடுத்துச் சோதித்ததால்தான் அதுவும் தெரிந்தது.

ஆகவே நாம் கேட்பது தர்மம் அல்ல. வேலைக்கான கூலி. செய்தி சொல்வது ஒரு வேலை. முதலில் சேதி சொன்னவரின் கொட்டிலில் எத்தனை பன்றி இருந்ததோ, செத்ததும் கொன்றதும் சேர்த்து, அத்தனைக்கும் அதே விகிதத்தில் பணம் கொடுக்கட்டும். பட்டியல் ரூபாயை அன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் திருத்தட்டும். கண்காணிப்பு வட்டத்தில் சிக்கியவருக்குத் தீனிச் செலவு கொடுக்கட்டும். வடகிழக்கின் ஒவ்வொரு ராஜ்யத்திலும், நம் நீலகிரிப் பக்கத்திலும், ஓரிரு நாளில் முடிவு சொல்லும் சோதனைக்கு ஏற்பாடு செய்யட்டும். காலியாகக் கிடக்கும் மிருக வைத்தியர் பதவிகளை நிரப்பட்டும். வேட்டைத் தடுப்புக் காவலரை நிரந்தரமாக்கட்டும். செத்த காட்டுப்பன்றியைக் கண்டு சொல்லும் பழங்குடி மனிதருக்கு வழக்குப் போடாமல், செக் நாட்டில் கொடுத்ததைப் போல் கையில் பணம் கொடுக்கட்டும். பண்ணையிலும் கசாப்புக் கூடத்திலும் உழைக்கிறவனுக்குக் கையுறையும் பூட்சும் முதலாளி செலவில் வரட்டும். பன்றிகள் கூட்டமாகச் சாகும்போது அவனையும் டாக்டர் பார்க்கட்டும்.

மிசோராமில் 2021க்குப் பிறகும் இந்த நோய் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் வட்டம் போட்டார்கள், உத்தரவு போட்டார்கள், கொன்று புதைத்தார்கள். 2020இல் எழுதிய அந்த விதியை, செத்த பன்றிக்குக் காசில்லை என்ற அந்த ஒரு வரியை, முதலில் அடித்துத் திருத்தட்டும். மற்ற விஷயங்களை அதன் பிறகு பேசுவோம்.